டபுள் கெப்பும் இரண்டரைத் தொன் கேரவனும்

தம்பி, திருக்கோவிலில் இருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். அறுகம்பைக்கு அலைச்சறுக்க வருகிற வெளிநாட்டவர்களைத் தங்கவைக்க, நாலு கட்டில், குசினி, குளியலறை, ஏசி எல்லாம் உள்ள ஆறு மீற்றர் நீளக் கேரவன் ஒன்றை ஊரிலேயே அடிக்கப் போகிறீர்கள். கீழே இரண்டு அச்சு, நாலு சில்லு. வெறும் பெட்டி 1,900 கிலோ வரும் என்கிறார் வெல்டிங் பாஸ். இழுக்க வீட்டில் 3 லீற்றர் டீசல் டபுள் கெப், அதாவது நாலு கதவும் பின்னால் திறந்த தட்டும் உள்ள பிக்கப், இருக்கிறது. 2,500 கிலோ இழுக்கலாம் என்று அதன் கைநூலில் போட்டிருக்கிறது. கனடாவில் இருக்கும் மாமா, தன் பிக்கப் மூன்று தொன் கேரவனையே இழுக்கிறது, யோசிக்காமல் செய்யுங்கள் என்கிறார். இடையிடையே விருந்தினரை ஏற்றிக்கொண்டு கேரவனோடு மலையில் உள்ள எல்ல வரை போய்வரும் எண்ணமும் உண்டு. கெப் தாங்குமா?

தாங்காது. இந்தக் கேரவனை இந்தக் கெப்பின் பின்னால் கட்டாதீர்கள். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகும் 1,600 கிலோவைத் தாண்டாத சின்னப் பெட்டியாக அடித்தால் கரையோரப் பாதையில் நிம்மதியாக இழுக்கலாம். எல்லவுக்கு அந்தச் சின்னப் பெட்டியையும் கொண்டுபோக வேண்டாம். இதைச் சும்மா பயத்தில் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய எண்களை வைத்தே கணக்குக் காட்டுகிறேன். மட்டக்களப்பில் இருபது வருடத்துக்கு மேலாகக் கெப், லொறிகளின் அடிப்பாகம் பார்ப்பதுதான் என் வேலை. போட் டிரெய்லர்களும் நிறையச் செய்து கொடுத்திருக்கிறேன். பின்னால் கட்டிய பாரம் முன்னால் போகும் வண்டியை என்ன செய்யும் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தவன் நான்.

எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். 3 லீற்றர் டீசல் எஞ்சினுக்கு அக்கரைப்பற்றில் இருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள சமதரையில் நாலு தொன்னைக் கட்டினாலும் அது அசைத்துக்கொண்டு போகும். வயலில் லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் தன்னைப் போல எத்தனை மடங்கு நெல் மூடையை இழுக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். இழுப்பது லேசான வேலை. அந்தப் பாரத்தைச் சுமப்பதும், நேராக வைத்திருப்பதும், வேண்டிய இடத்தில் நிற்பாட்டுவதும்தான் கஷ்டம். அந்த மூன்றையும் செய்வது பின் அச்சு, அதன் மேல் பாரம் தாங்கும் வில்லுத் தகடு, டயர், பிரேக். எஞ்சின் முக்கத் தொடங்கும் முன்னரே இவை எல்லை தாண்டிவிடும், சத்தமும் போடாது.

கைநூலில் உள்ள 2,500 ஓர் எண்தான். அதே பக்கத்தில் வேறு எண்களும் இருக்கின்றன, அவற்றையும் நீங்கள் எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. கெப்பின் வெறும் எடை 1,900. ஆளும் சாமானும் ஏறிய பின் கெப் மட்டும் இருக்கக்கூடிய மொத்த எடை 2,800. கெப்பும் டிரெய்லரும் சேர்ந்த எடை 4,900. டிரெய்லரின் மூக்கைப் பூட்டும் கொக்கி உருண்டையின் மேல் அமரக்கூடிய பாரம் 250. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750. இந்த எல்லைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். ஒன்று உடைந்தாலும் கணக்கு உடைந்த மாதிரித்தான்.

முதலில் பெட்டி. பாஸ் சொன்ன 1,900 சரி என்றே வைத்துக்கொள்வோம் (கூடத்தான் வரும், குறைந்து வந்ததை நான் கண்டதில்லை). அதற்குள் 200 லீற்றர் தண்ணீர்த் தாங்கி வைத்தால் அதுவே 200 கிலோ. 12.5 கிலோ காஸ் நிரப்பிய சிலிண்டர், இரும்பையும் சேர்த்தால் 25 கிலோ. இரண்டு வைப்பீர்கள், 50. பெரிய பற்றரி இரண்டு, 60. ஏசி 45. ஜெனரேற்றர் 45. மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, சட்டி பானை, துணிமணி 150. வெளியே விரிக்கும் கூடாரத் துணி, கதிரை, மேசை, சறுக்குப் பலகைகள் 60. கூட்டுங்கள்: 610. பெட்டி 2,510 ஆகிவிட்டது. வீட்டை விட்டு வெளிக்கிடும் முன்னரே 2,500 தாண்டியாயிற்று.

இனி கெப். ஐந்து பேர், தலைக்கு 70 கிலோ வைத்தால் 350. அவர்களுடைய பை, பெட்டி 100. பின் தட்டில் போட்ட மூடியும் முன்னால் கட்டிய இரும்புத் தடுப்பும் கொக்கிச் சட்டமும் 140. ஐஸ் பெட்டி, ஜாக்கி, கருவிகள் 60. மொத்தம் 650. கெப் இப்போது 2,550. இதோடு கொக்கிப் பாரம் 250 ஏறும்போது 2,800, எல்லையில் சரியாகத் தட்டி நிற்கிறது. ஓர் ஆள் கொஞ்சம் பருமன் என்றால் போச்சு. கெப்பையும் பெட்டியையும் சேர்த்தால் 2,550உம் 2,510உம், 5,060. எல்லை 4,900. அங்கே 160 கிலோ கூடிவிட்டது. கெப்பை இப்படி நிரப்பினால் பெட்டிக்கு மிஞ்சுவது 2,350தான். 2,500 என்ற எண் கெப்பில் 500 கிலோவுக்கு மேல் ஏற்றாமல் போகும்போது மட்டும் உண்மை. விருந்தினரை ஏற்றித் தொழில் செய்யப் போகிறவருக்கு அந்த எண்ணால் பயன் இல்லை.

மாமா சொல்வதும் பொய் இல்லை. அவர் ஓட்டுவது வேறு வண்டி. அமெரிக்கா, கனடாவில் அரைத் தொன் என்று அழைக்கும் பெரிய பிக்கப், ஃபோர்ட் எஃப்-150 போன்றது, நாலு கதவு உள்ளதை எடுத்தால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஏறக்குறைய 3.7 மீற்றர். இங்கே அதிகம் ஓடும் ஹைலக்ஸ் கெப்புக்கு 3.1 மீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. அந்த அறுபது சென்ரிமீற்றர் பெட்டி ஆட்டும்போது வண்டியை நேராகப் பிடித்து வைக்கும். அகலமும் கூட. அவர்களுடைய றோட்டும் அப்படி. அத்துடன் அங்கே இழுக்கும் கொள்ளளவை அளக்க எஸ்.ஏ.ஈ ஜே2807 என்று ஒரு பொது முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கத்து மேடு, 18 கி.மீ. ஏற்றம், கடும் வெயில், ஏசி முழுவதும் போட்டபடி குறித்த வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏறிக்காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அதிலும் வண்டிக்குள் ஓட்டுநரும் இன்னொருவரும், தலைக்கு 68 கிலோ என்றுதான் கணக்கு. குடும்பமும் சாமானும் ஏறினால் அந்த நாட்டிலும் எண் குறையும். அதனால்தான் அங்கே விசயம் தெரிந்தவர்கள் விளம்பரத்தில் போடும் இழுவை எண்ணை விட்டுவிட்டு, ஓட்டுநர் கதவைத் திறந்ததும் தெரியும் ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். கொக்கிப் பாரத்தையும் அந்தக் கிலோவில் இருந்துதான் கழிக்க வேண்டும். மாமாவிடம் அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கொக்கிப் பாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 250 கிலோ கொக்கியில் அமர்ந்தால் பின் அச்சில் 250 கிலோ கூடும் என்று நினைப்போம். கொக்கி பின் அச்சுக்குப் பின்னால், 1.3 மீற்றர் தள்ளி நிற்கிறது. சீசோப் பலகையின் நுனியில் ஆள் ஏறிய மாதிரி, பின் அச்சை நடுவாக வைத்து முன்பக்கத்தைத் தூக்கும். அச்சுகளுக்கு இடையில் 3.1 மீற்றர் என்றால், முன் சில்லுகளில் இருந்து 105 கிலோ அளவு பாரம் கழன்று பின்னுக்கு வரும். ஆக, பின் அச்சு வாங்குவது 355. தட்டில் ஏற்றிய சாமானும் பின்சீட்டு ஆட்களும் ஏற்கனவே அங்கேதான் இருக்கிறார்கள். முன் சில்லு லேசாகிப் போவதால் ஸ்டியரிங் கைக்குள் மிதக்கிற மாதிரி இருக்கும், பிரேக் பிடிக்கையில் முன் டயர் தரையைக் கவ்வாது. இரவில் எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்துக் காட்டினால் உங்கள் வெளிச்சம் மேலே போகிறது என்று அர்த்தம், பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், ஒரு தகடு கூடப் போட்டால் சரி. என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தகடு கூட்டினால் பின்பக்கம் உயரும், பார்வைக்கு நேராகிவிடும். அச்சுக் குழாய், பெயரிங், சேசி என்கிற அடிச்சட்டம், டயர், பிரேக் எல்லாம் பழையவையே. தகட்டுக்கு உதவியாகக் காற்றுப்பை வைப்பதும் அப்படித்தான். அது பாரத்தைச் சேசியின் ஒரே இடத்தில் கொண்டுவந்து குத்த வைக்கும், ஏற்கனவே கொக்கியில் தொங்கும் பாரம் பின்நுனியை இழுத்துக்கொண்டு இருக்கும். கேபினுக்கும் தட்டுக்கும் நடுவில் சேசி வளைந்த கெப்புகள் அவுஸ்திரேலியாவில் ஏராளம், இந்தக் காரணத்தால்தான். கொக்கிப் பாரத்தின் ஒரு பங்கை முன் அச்சுக்குத் திருப்பிவிடும் எஃகுக் கம்பி அமைப்பு ஒன்று வெளிநாடுகளில் உண்டு. நல்ல சாமான். ஆனால் அது எல்லையைக் கூட்டாது, உள்ள பாரத்தைப் பகிரும், அவ்வளவுதான். சில கெப்புகளுக்கு அதைப் பூட்ட வேண்டாம் என்று உற்பத்தியாளரே சொல்லியிருப்பார், கைநூலைப் பாருங்கள்.

அப்படியென்றால் கொக்கிப் பாரத்தைக் குறைத்துவிட்டால் என்ன, சாமானை எல்லாம் பெட்டியின் பின்பக்கம் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அதைச் செய்யவே கூடாது.

ஒருமுறை வாழைச்சேனையில் இருந்து பொத்துவிலுக்கு ஒரு ஃபைபர் போட்டை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போனேன். மொத்தப் பாரம் அதிகம் இல்லை. 40 குதிரைவலு எஞ்சினைக் கழற்றாமல் பின்னால் தொங்கவிட்டிருந்தோம், அது 70 கிலோ அளவு. ஈர வலையும் ஐஸ் பெட்டியும் பின்பக்கத்தில் கிடந்தன. கோமாரிப் பக்கம், மரம் இல்லாத வெளியில், மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே ஒரு லொறி உரசுகிற மாதிரிக் கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லர் மெல்ல ஒரு பக்கம் போய்த் திரும்பியது. திரும்பி வந்தது நிற்கவில்லை. மறுபக்கம் இன்னும் கொஞ்சம் கூடப் போனது. மூன்றாவது ஆட்டத்தில் கெப்பின் பின்பக்கத்தையே இழுத்துப் போட்டது. பிரேக்கில் கால் போனது, ஆனால் மிதிக்கவில்லை. அக்சிலேற்றரை விட்டு, ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேகம் 50க்குக் கீழே வந்ததும் அடங்கியது. இறங்கிப் பார்த்தால் டிரெய்லரின் மூக்கை ஒற்றைக் கையால் தூக்கலாம். அங்கேயே எஞ்சினைக் கழற்றி, படகுக்குள் முன்னால் கிடத்தி, வலையையும் பெட்டியையும் முன்னுக்குத் தள்ளிக் கட்டினோம். அதே பாரம், அதே றோட்டு, பொத்துவில் வரை ஓர் ஆட்டம் இல்லை. அன்றைக்கு அந்த றோட்டில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

இதனால்தான் அமெரிக்காவில் கொக்கிப் பாரம் டிரெய்லர் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருக்க வேண்டும் என்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் 10 அளவு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவு, ஆனால் அங்கே கேரவன்கள் இலேசு, வேகமும் குறைவு, பாரத்தையெல்லாம் அச்சுக்கு மேலேயே வைக்கும்படி வடிவமைக்கிறார்கள். நம் வேலைத்தலத்தில் கையால் அடிக்கிற பெட்டிக்கு நூற்றுக்கு 10க்குக் கீழே நான் போகமாட்டேன்.

அதிலும் உங்கள் இடம் காற்றுக்குப் பேர்போனது. அறுகம்பையில் சறுக்கும் பருவம் ஏறக்குறைய ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை. கச்சான் காற்று வீசுவதும் அதற்குள்தான். கச்சான் மேற்கில் இருந்து வரும், உங்கள் கரையோர றோட்டு வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஆறு மீற்றர் நீளம், இரண்டு மீற்றருக்கு மேல் உயரம் உள்ள தட்டைச் சுவரைக் குறுக்கே பிடித்துக்கொண்டு போவது மாதிரி. மத்தியானத்துக்குப் பிறகு அந்த வெளிகளில் பெட்டியை இழுக்காதீர்கள், காலை ஏழு எட்டு மணிக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். ஆட்டம் தொடங்கினால் கால் பிரேக்கை மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்புவதும், வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்ப்பதும் மூன்றும் ஆபத்து. டிரெய்லருக்கு மின் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் இலேசாகப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் அக்சிலேற்றரை விட்டுக் காத்திருப்பதுதான்.

பிரேக்குக்கு வருவோம். ஊரில் உழவு இயந்திரப் பெட்டி அடிக்கிற வேலைத்தலங்களில் உங்கள் கேரவனைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் கைவேலை உறுதியானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குப் பிரேக் போடும் வழக்கம் இல்லை. மணிக்கு 15, 20 கி.மீ. வேகத்தில் இரண்டு தொன் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் அது சரிவரும். கெப்பின் பின்னால் 60இல் அது சரிவராது. உங்கள் கைநூலே பிரேக் இல்லாமல் 750தான் என்கிறது. அவுஸ்திரேலியச் சட்டத்தில் 750 கிலோவுக்கு மேல் பிரேக் கட்டாயம், 2,000 தாண்டினால் எல்லாச் சில்லுக்கும் பிரேக், ஓட்டுநர் இருக்கையில் இருந்து இயக்கும்படி, டிரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டோடு. இதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி முன்னுக்குத் தள்ளும்போது தானாகப் பிடிக்கும் தள்ளுப் பிரேக் மலிவு, பழுதும் குறைவு. ஓட்டுநர் கையில் கட்டுப்பாடு தருவது மின் பிரேக்தான். 1,600 கிலோ பெட்டிக்கு இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கொக்கிக்கு உழவு இயந்திரத்தின் வளையமும் ஊசியும் வேண்டாம், அதில் ஆடும் இடைவெளி உண்டு. உருண்டையும் கவ்வியும் போட்டு, இரண்டு பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காகக் கட்டுங்கள்.

மாடுகள் படுத்திருக்கும் நம் றோட்டில் இரவில் இழுக்கவே வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. லகுகல பக்கம் யானை நின்றால் இன்னொரு சிக்கல், டிரெய்லர் கட்டிய வண்டி உடனே பின்னுக்கு எடுக்க வராது. நேராகப் பின்னெடுக்கப் பழகாமல் அந்தப் பாதையில் போகாதீர்கள்.

எல்ல. உங்கள் கணக்கில் 5,060 கிலோ. மலையடிவாரத்தில் உள்ள வெல்லவாய 200 மீற்றர் உயரத்தை ஒட்டி இருக்கிறது, எல்ல 1,040 மீற்றர் அளவில். நடுவில் 30 கி.மீ.கூட இல்லை. ஏறுவது சரி, முக்கி முக்கி ஏறிவிடும், கிளட்சும் ரேடியேற்றரும் நல்ல நிலையில் இருந்தால். இறங்கும்போது அந்த 840 மீற்றர் உயரத்தில் சேர்ந்த சக்தி முழுவதும் எங்கேயாவது போக வேண்டும். கணக்குப் போட்டால் 16 லீற்றர் தண்ணீரை முழுதாக ஆவியாக்கப் போதுமான வெப்பம். டயரும் காற்றும் ஒரு பங்கை வாங்கும், சின்னக் கியரில் விட்டால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கும், மிச்சம் பிரேக்குக்குள். கடற்கரையில் ஓடும் வண்டியின் பிரேக் எண்ணெய் ஈரத்தைக் குடித்திருக்கும். டொட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது என்பது அதன் தர அளவு. ஈரம் சேர்ந்த பின் அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் தரை வரை போகும், பிடிக்காது. இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி வளைவு வளைவாக இறங்கும் அந்த இடத்தில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பின்சீட்டில் உறங்குகிற விருந்தினர் தங்கள் உயிரை உங்களை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள், தம்பி. பெட்டியை அறுகம்பையில் நிறுத்திவிட்டு அவர்களைக் கெப்பிலேயே எல்லவுக்குக் கூட்டிப்போங்கள். அவர்களுக்கும் அதுதான் சுகமான பயணம்.

சரி, என்ன செய்யலாம்? பிரித்தானியாவில் புதிதாகக் கேரவன் இழுக்கிறவர்களுக்கு ஒரு பழைய அறிவுரை உண்டு: நிறைபாரக் கேரவன் இழுக்கும் வண்டியின் வெறும் எடையில் நூற்றுக்கு 85ஐத் தாண்டக் கூடாது. உங்கள் 1,900க்கு அது 1,615. நான் சொன்ன 1,600 இங்கே இருந்து வந்தது. அதில் கொக்கிப் பாரம் 160. கெப் 2,550உம் 160உம், 2,710. எல்லைக்குக் கீழே 90 கிலோ இடம் இருக்கிறது. சேர்ந்த எடை 4,150, எல்லைக்கு 750 கிலோ உள்ளே. ஐந்து பேரோடும் சாமானோடும் இப்படி வருகிறது என்றால் அது ஓட்டக்கூடிய கூட்டு.

அதற்கு வெறும் பெட்டி 1,250க்குள் முடிய வேண்டும். நீளத்தை ஐந்து மீற்றருக்கு இறக்குங்கள், இரண்டு கட்டில் போதும். தண்ணீரை இழுக்காதீர்கள், 40 லீற்றர் மட்டும் வழிக்கு வைத்து, போன இடத்தில் நிரப்புங்கள். ஜெனரேற்றர் வேண்டாம், அறுகம்பையில் மின்சாரம் எடுக்கலாம். சுவருக்கும் கூரைக்கும் 18 மில்லிமீற்றர் பலகை அடிக்காமல் 9 மில்லிமீற்றர் அடித்தாலே, அந்த அளவுப் பெட்டியில் 38 சதுர மீற்றருக்கு 200 கிலோ மிச்சம். நடுவில் பஞ்சுப் பலகை வைத்தால் வெயிலும் உள்ளே வராது. இரும்புச் சட்டத்தைப் பாஸ் உழவு இயந்திரப் பெட்டிக்கு எடுக்கிற தடிப்பில் எடுக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். நெல் மூடை ஏற்றப் போவதில்லை. பெரிய பற்றரி, தண்ணீர்த் தாங்கி இரண்டும் அச்சுக்கு மேலேயோ கொஞ்சம் முன்னாலோ வரட்டும். குசினி பின்சுவரில் வேண்டாம். டயருக்கு வேனுக்குப் போடும் பார டயர் எடுங்கள், பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கள், முதல் இரண்டு இலக்கம் செய்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் செய்த வருடம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று வெயிலில் வெடித்துச் சாகும்.

நாலு கட்டில் பெட்டிதான் தொழிலுக்கு வேண்டும் என்றால் அதையும் அடியுங்கள், ஆனால் நிலையான வீடாக. பருவம் தொடங்கும்போது நாலு சில்லு உழவு இயந்திரத்தால் விடியற்காலையில் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள், முடிந்ததும் அதே மாதிரி எடுத்துவாருங்கள். தண்ணீரும் சாமானும் இல்லாமல்.

அடித்து முடிந்ததும் எடை. இதை யாருடைய வாயையும் நம்பி விடாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து. நம் மாவட்டத்தில் பெரிய அரிசி ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசு இருக்கிறது. அறுவடை நாள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டால் விடுவார்கள். ஆட்களும் சாமானும் நிரம்பிய கெப்பைப் பெட்டி இல்லாமல் முதலில் முழுதாக ஏற்றுங்கள். பிறகு பின் சில்லு மட்டும் தராசில் நிற்க ஒருமுறை. அப்புறம் பெட்டியைக் கட்டி, கெப்பின் நாலு சில்லும் தராசிலும் பெட்டி வெளியிலும் இருக்க ஒருமுறை, மறுபடி பின் சில்லு மட்டும், கடைசியாக எல்லாம் சேர்ந்து. கெப் முதலில் காட்டியதற்கும் பெட்டி கட்டிய பின் காட்டியதற்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கிப் பாரம். லொறித் தராசு பத்துக் கிலோ, இருபது கிலோ படியாகத்தான் காட்டும், அதனால் கொக்கிப் பாரத்தைத் தனியாகவும் பாருங்கள்: நெல் வாங்குகிற இடத்தில் மூடை நிறுக்கும் மேடைத் தராசின் மேல் ஒரு மரக்குற்றியை வைத்து, கெப்பில் பூட்டினால் நிற்கிற அதே உயரத்தில் டிரெய்லர் மூக்கை அதில் இறக்குங்கள். சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்துவிட்டு. நூற்றுக்கு 10க்குக் குறைந்தால் சாமானை முன்னுக்கு, 13ஐத் தாண்டினால் கொஞ்சம் பின்னுக்கு, திரும்ப நிறுங்கள்.

ஒரு வேலையை வெல்டிங்குக்கு முன்னரே முடியுங்கள். உங்களிடம் இருக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் எத்தனை கிலோ டிரெய்லர் வரை சேர்த்துக்கொள்கிறது என்று பாருங்கள். 1,600 கிலோப் பெட்டிக்கு எந்த வகுப்பு வேண்டும், டிரெய்லரைப் பதிய என்ன வரைபடம் கொடுக்க வேண்டும் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்புறுதிக்காரரிடமும் காசு வாங்கி விருந்தினர் தங்கும் பெட்டி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பாஸ் சட்டம் போடும் முன் அச்சு எந்த இடத்தில் வருகிறது, தாங்கி எங்கே, குசினி எங்கே என்று ஒரு தாளில் அளவோடு கீறி அனுப்புங்கள். பின் அச்சில் இருந்து கொக்கி உருண்டை வரைக்கும் உங்கள் கெப்பில் எத்தனை சென்ரிமீற்றர் என்பதையும் நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். அந்த இரண்டும் கையில் கிடைத்தால் கொக்கிப் பாரம் எவ்வளவு வரும் என்று முதலே கணக்குப் போட்டுத் தருகிறேன், அச்சை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்த அப்போது ஒரு சோக்குக் கோட்டை அழித்தால் போதும்.